நோயில்லாதவர் மாஸ்க் போட்டால் தொற்று வராதா? மண்டபத்துக் கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது. மண்டபத்தில் நண்டு கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி கேட்கிறார். வீட்டில் மாமியாருக்குச் சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்து, மாத்திரை ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது. நாலு வயதில் ஒரு பிள்ளை. கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். "எனக்கு ஒரு நோயும் கிடையாது. கம்பெனியில் கொடுக்கும் நீல மாஸ்க்கை வீட்டிலும் போட்டுக்கொண்டால் எனக்கும் பிள்ளைக்கும் ஒட்டாதா? மாஸ்க்கால் பிரயோசனமே இல்லை என்று ஆராய்ச்சி வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே?"

மாஸ்க் காப்பாற்றும். ஆனால் இன்னொருவர் விட்ட மூச்சை நீங்கள் இழுக்கும் இடத்தில், அது முகத்தோடு ஒட்டியிருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் காப்பாற்றும். நம் கடற்கரையில் பெரும்பாலோர் மாஸ்க் போடும் இடம் ஒன்று, நோய் தொற்றும் இடம் வேறு. பஜாரிலும் கடற்கரைச் சாலையிலும் போட்டுக்கொண்டு நடக்கிறோம். வீட்டு அறைக்குள்ளும் சாப்பாட்டு நேரத்திலும் படகின் கேபினுக்குள்ளும் கழற்றிவிடுகிறோம். நோய் இருப்பது பின்னால் சொன்ன இடங்களில்.

முதலில், எந்த நோய்க்கு மாஸ்க் என்று தெரிய வேண்டும். டி.பி., தட்டம்மை, சின்னம்மை, கொரோனா, ஃப்ளூ ஆகியவை மூச்சுக்காற்றில் பரவுபவை. இவற்றுக்கு மாஸ்க்கால் பயன் உண்டு. டெங்குவும் மலேரியாவும் கொசுவால் வருபவை. டைபாய்டும் காலராவும் குடிக்கிற தண்ணீராலும் சாப்பாட்டாலும், எலிக்காய்ச்சல் எலி மூத்திரம் கலந்த தேங்கு தண்ணீராலும், மெட்ராஸ் ஐ கைபட்டும் வருபவை. இவற்றை எந்த மாஸ்க்கும் தடுக்காது. மழைக்காலத்தில் காய்ச்சல் பரவுகிறது என்றதும் மாஸ்க் போட்டுக்கொண்டு, வாசலில் மூடாத தண்ணீர் டிரம்மை அப்படியே விட்டுவைப்பது வீண் வேலை.

டி.பி. கிருமி நோயாளி இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் நுண்திவலைகளில் ஏறி வருகிறது. அந்தத் திவலையின் ஈரம் நொடிக்கணக்கில் காய்ந்துவிடும். மிஞ்சுவது 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை உள்ள துகள். அது தரையில் விழாமல், மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். இருமியவர் எழுந்து போன பிறகும் அந்த அறையில் நுழைபவருக்கு அது இருக்கிறது. தட்டு, டம்ளர், சேலை, படுக்கை விரிப்பு வழியாக டி.பி. பரவுவதில்லை. மாமியாருக்குத் தனித் தட்டு ஒதுக்குகிற வீடுகளில் ஜன்னலைத் திறந்துவைப்பதில்லை என்பது என்னை ரொம்ப நாளாக வருத்தும் விஷயம். தனித் தட்டு அவர் மனத்தை நோகடிக்கிறது, உங்களைக் காப்பாற்றுவதில்லை.

இனி மாஸ்க்குக்கு வருவோம். அதை வலை மாதிரி நினைக்கிறோம்: கண்ணி சின்னதாக இருந்தால் சின்ன மீனும் தப்பாது என்று. மாஸ்க் அப்படி வேலை செய்வதில்லை. பெரிய துகள் காற்றோடு வளைந்து போக முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சின்னது அலைபாய்ந்து தானே போய் இழையில் முட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே, 0.3 மைக்ரான் அளவில் இருப்பதுதான் அதிகம் தப்பும். அதனால்தான் என்95 மாஸ்க்கை அந்த அளவு துகளை வைத்துச் சோதிக்கிறார்கள். அதில் 95 சதவீதமாவது பிடிக்க வேண்டும். பிடித்து வைப்பதில் பெரும் பங்கு நடு அடுக்கில் ஏற்றியிருக்கும் நிலைமின்சாரத்துக்கு. என்95-ஐ சோப்புப் போட்டுத் துவைத்தாலோ சானிடைசர் தெளித்தாலோ அந்த மின்னூட்டம் போய்விடும். பார்க்கப் புதிது போலவே இருக்கும், வேலை செய்யாது.

நீல மாஸ்க் பெட்டியில் 98 சதவீதம், 99 சதவீதம் என்று போட்டிருப்பது துணியின் கணக்கு. முகத்தில் மாட்டினால் காற்று துணி வழியாக மட்டும் வருவதில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்து ஓரமும் இருக்கும் இடுக்கு வழியாகவும் வருகிறது. அமெரிக்காவில் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் முகத்தில் மாட்டியபடியே அளந்தார்கள். காதில் மாட்டும் சாதாரண மாஸ்க் 38.5 சதவீதம்தான் தடுத்தது. அதே மாஸ்க்கின் காதுப்பட்டையை முடிச்சுப் போட்டு ஓரத்தை உள்ளே மடித்ததும் 60.3 சதவீதம் ஆனது. செலவு எதுவும் இல்லாமல் கிடைத்த முன்னேற்றம் இது, அதனால் செய்முறையை விவரமாகச் சொல்கிறேன். மாஸ்க்கை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். ஒரு பக்கத்துக் காதுப்பட்டையை, மாஸ்க் ஓரத்தை ஒட்டினாற்போல ஒரு முடிச்சுப் போடுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிரித்தால் முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு குழி மாதிரித் திறந்து நிற்கும். அந்தத் தொங்கும் துணியை உள்பக்கமாகத் தள்ளி மடித்துவிடுங்கள். பிறகு மாட்டி, மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் ஒரே நேரத்தில், மூக்கின் மேட்டிலிருந்து கன்னம் வரை அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் கம்பி கூர்மையாக மடிந்து இரண்டு பக்கமும் இடுக்கு விழும். கண்ணாடி போடுகிறவராக இருந்தால் கண்ணாடியில் ஆவி படிவதே கசிவின் அடையாளம்.

உங்கள் வீட்டு நிலைமைக்கு, மாமியார் அறைக்குள் போகும்போது உங்களுக்கு வேண்டியது என்95, அல்லது அதே மாதிரி வடிகட்டும் எஃப்எஃப்பி2 வகை மாஸ்க். வாங்கும்போது ஐஎஸ் 9473 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரையும், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம் என்று வந்துவிடும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான நியோஷின் அங்கீகாரம் என்று அச்சிட்டு, காதில் மாட்டும் பட்டையோடு வந்தால் வாங்காதீர்கள். அந்த அங்கீகாரம் பெற்ற என்95-க்குத் தலையைச் சுற்றும் பட்டைதான் இருக்கும். முன்னால் வட்டமாக வால்வு வைத்தது வேண்டாம். அது போட்டிருப்பவரைக் காக்கும், அவர் விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும். கரி மூட்டம் போடுகிற இடத்தில் தூசிக்கு அது சரி. உங்களுக்கே கிருமி இருக்கிறதா என்று இன்னும் பரிசோதிக்காத வீட்டில் அது சரிப்படாது.

என்95-ஐ மாட்டும் விதம்: மாஸ்க்கின் கோப்பைப் பகுதியை உள்ளங்கையில் வைத்து, மூக்குக் கம்பி மேலே இருக்க, முகவாயிலிருந்து மேலே ஏற்றுங்கள். மேல்பட்டை உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும். கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே, பிடரியில். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் கீழ் ஓரம் திறந்துவிடும். கொண்டை போட்டிருந்தால் கீழ்ப்பட்டை கொண்டைக்கு அடியில் வரட்டும். பிறகு இரண்டு கையாலும் மாஸ்க்கை மூடிக்கொண்டு வேகமாக ஊதுங்கள். கண் பக்கம் காற்று பட்டால் கம்பியை மறுபடி அழுத்துங்கள், கன்னத்தில் பட்டால் பட்டையைப் பின்னுக்கு இழுத்து விடுங்கள். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இதைச் செய்ய வேண்டும். தலையில் துணி போடும் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பெண்கள் மாஸ்க்கை முதலில் நேரே முகத்தில் பொருத்திவிட்டு மேலே துணியைச் சுற்றினால் போதும். துணியின் ஓரம் மாஸ்க்குக்கும் தோலுக்கும் நடுவில் போகக் கூடாது. தாடி வைத்திருப்பவருக்கு என்95 ஒட்டாது. மார்க்கத்துக்காகவோ நேர்த்திக்கடனுக்காகவோ வைத்த தாடியை எடுக்கச் சொல்ல நான் ஆள் இல்லை. அவர் மாஸ்க்கை நம்பாமல், நோயாளி அறையில் இருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும்.

நம் ஊர் வேர்வையில் எந்த மாஸ்க்கும் சீக்கிரம் நனையும். நனைந்தால் துணி வழியாக மூச்சு கனக்கும், கனத்தால் காற்று இடுக்கு வழியாக வரும். மாமியாரைக் குளிப்பாட்டும்போது நனைந்துவிட்டால் வெளியே வந்து மாற்றுங்கள். நனையாத என்95-ஐக் கழற்றிக் காகித உறையில் போட்டு, தேதி எழுதி, காற்றாடும் இடத்தில் தொங்கவிட்டு மறுபடி போடலாம். பாலிதீன் பையில் போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். பட்டை தளர்ந்தாலும், ஊதிப் பார்க்கும் சோதனையில் ஒட்டாவிட்டாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். முந்தானையும் துண்டும் இந்தக் கணக்கிலேயே வராது. வியட்நாமில் ஆஸ்பத்திரி ஊழியர்களை வைத்து நடத்தி 2015-ல் வெளியான ஆய்வில், துணி மாஸ்க் போட்டவர்களுக்கு மருத்துவ மாஸ்க் போட்டவர்களைவிட அதிகமாகச் சளிக்காய்ச்சல் வந்தது; அந்தத் துணி வழியாகத் துகள்களில் 97 சதவீதம் நுழைந்தது.

உங்கள் வீட்டில் முதல் மாஸ்க் உங்களுக்குரியது இல்லை, மாமியாருக்குரியது. தென்னாப்பிரிக்காவில் ஒரு டி.பி. ஆஸ்பத்திரியில், வார்டுக் காற்றை இரண்டு கூண்டறைகளுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் 90 கினிப்பன்றிகள். நோயாளிகள் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போட்ட நாட்களின் காற்று ஓர் அறைக்கு, போடாத நாட்களின் காற்று மற்றதற்கு. போடாத நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 69-க்குத் தொற்றியது, போட்ட நாட்களின் காற்றில் 36-க்கு. கிருமி காய்ந்து சிறுத்து அறை முழுக்கப் பரவும் முன்னே, வாயருகே பெரிய திவலையாக இருக்கும்போதே பிடிப்பது சுலபம் என்பதுதான் காரணம். மாமியாருக்கு என்95 மாட்டாதீர்கள். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறுபவருக்கு அது பாரம். நீல மாஸ்க், முடிச்சுப் போட்டு, ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். தனியாக இருக்கும்போதும் தூங்கும்போதும் வேண்டாம்.

அந்த 36-ஐயும் கவனியுங்கள். மாஸ்க் இருந்தும் தொற்றியது. பாதியாகக் குறைப்பது என்பது ஒரு மணி நேரம் பக்கத்தில் இருப்பவருக்குப் பெரிய லாபம். ராத்திரி முழுக்க ஒரே அறையில் படுக்கிறவருக்கு, அது மாதக்கணக்கில் நடந்தால், பாதி போதாது. தூங்கும்போது மாஸ்க் போட்டுக்கொண்டிருக்கவும் முடியாது. ஆகவே மாஸ்க்கை விடப் பெரிய காரியம் படுக்கும் இடமும் காற்றோட்டமும்.

காற்று விஷயத்தில் நம் கடற்கரைக்காரர்களுக்கு இயற்கை கொடுத்திருப்பதை மற்ற ஊர்க்காரர்கள் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. பெரு நாட்டின் லிமா நகரத்து ஆஸ்பத்திரிகளில் அளந்தபோது, கதவு ஜன்னல்களை முழுக்கத் திறந்த அறைகளில் மணிக்குச் சுமார் 28 தடவை காற்று மாறியது. மெஷின் வைத்துக் காற்று மாற்றும் தனி அறைகளுக்கான கணக்கு 12 தடவைதான். பழைய ஓலைக் கொட்டகை தானே மூச்சு விடும். சிக்கல், சின்ன ஜன்னல் வைத்த காங்கிரீட் காலனி வீட்டில்தான். கச்சான் காற்று அடித்தால் மணல் வருகிறது என்றும், வாடை அடித்தால் குளிர் என்றும், அந்தி சாய்ந்தால் கொசு என்றும் அந்த ஒரு ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். கொசுப் பயம் நியாயமானதுதான், இராமேசுவரம் தீவில் மலேரியா நெடுங்காலம் நின்ற இடம். அதற்குக் கட்டிலைச் சுற்றிக் கொசுவலை கட்டுங்கள், ஜன்னலைத் திறந்தே விடுங்கள்.

எந்தப் பக்கம் படுப்பது என்பதை ஓர் ஊதுபத்தியால் கண்டுபிடிக்கலாம். எதிரெதிரே இருக்கும் கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்து, அறை நடுவில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை எந்தத் திறப்பை நோக்கிப் போகிறதோ அதன் ஓரத்தில் மாமியாரின் கட்டில். காற்று நுழையும் பக்கத்தில் நின்று நீங்கள் வேலை செய்யுங்கள். புகை போகாமல் நின்று சுழன்றால், மாமியார் கட்டிலை ஒட்டிய ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து ஒரு டேபிள் ஃபேனை வைத்து ஓட்டுங்கள். கச்சானும் வாடையும் மாறும் காலத்தில் புகையின் போக்கும் மாறும், அப்போது கட்டிலையும் மாற்றிப் போட வேண்டும். மழை இல்லாத நாட்களில் வராந்தாவிலோ முற்றத்துக் கொட்டகையிலோ கொசுவலைக்குள் அவர் படுத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஒதுக்குகிறார்கள் என்று அவர் நினைக்காதபடி சொல்லிச் செய்யுங்கள்: இது சில வாரத்துக்கு, மருந்து வேலை செய்யும் வரைக்கும்.

பிள்ளைக்கு மாஸ்க்கை நம்பாதீர்கள். நாலு வயதுக் குழந்தை அதை ஒழுங்காகப் போட்டிருக்காது. இரண்டு வயதுக்குக் கீழே போடவே கூடாது, மூச்சு முட்டும். பி.சி.ஜி. ஊசி குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் மாதிரியான கடுமையான டி.பி.யைத் தடுக்க உதவும், அவ்வளவே. பெரியவர்களை அது நம்பகமாகக் காக்கவில்லை என்பதை நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரிய ஆய்வே காட்டியது. பிள்ளைக்கு வேண்டியது தடுப்பு மாத்திரை. வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்றால், கூட இருக்கும் எல்லோரையும் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிறார்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருப்பதால் அவனுக்கு அது அவசரம். நாளைக்கே அழைத்துப் போங்கள். நீங்களும் கணவரும் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

கணவருக்குப் படகின் மேல்தட்டில், கடற்காற்றில் மாஸ்க் தேவையில்லை. கேபினுக்குள் நெருக்கிப் படுக்கும்போதுதான் கவனம். என்ஜின் சத்தத்தில் கத்திப் பேசினால் வாயிலிருந்து துகள் இன்னும் அதிகம் வரும். கூட வருபவர் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அவர் வெளித்தட்டில் படுக்கட்டும், கரைக்கு வந்ததும் சளி கொடுக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் அவர் வீட்டிலேயே இருப்பார், மாமியாரோடு ஒரே கூரைக்கடியில் இருக்கும் நேரம் பல மடங்காகும். வீட்டு ஏற்பாட்டை அதற்குத் தகுந்தபடி செய்துகொள்ளுங்கள்.

கம்பெனியில் உங்களுக்குத் தரும் மாஸ்க் நண்டுச் சதையில் எச்சில் படாமல் இருக்க. உங்களைக் காக்கும் எண்ணத்தில் யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. மேசையைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்து, ஏசி போட்ட மூடிய அறையில் நாள் முழுக்க உடைக்கும் வேலை என்பதால், முடிச்சுப் போட்டு மாட்டினால் அதுவே உங்களுக்கும் உதவும். சாப்பாட்டுக்குப் பிறகு புதிதாக ஒன்று கேட்டு வாங்குங்கள். ஆனால் சாப்பாட்டு அறையில் எல்லோரும் கழற்றிவிட்டு முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுகிறீர்கள், விடியற்காலை வேனில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கிப் போகிறீர்கள். வெளியே நிழல் இருந்தால் அங்கே சாப்பிடுங்கள், வேன் கண்ணாடியை இறக்குங்கள். இராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடுகிறவர்கள் நனைந்த மாஸ்க்கைப் போட்டபடியே வரிசையில் நிற்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: குளிக்கும்போது கழற்றுங்கள், காய்ந்த ஒன்றைப் பாலிதீன் உறையில் இடுப்பில் சொருகி, குளித்து முடித்து நெரிசலான பிரகாரத்தில் போடுங்கள்.

"ஆராய்ச்சியே வந்துவிட்டது" என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் சுமார் 6,000 பேரைப் பிரித்து, பாதிப் பேரை வெளியே போகும்போது மாஸ்க் போடச் சொன்னார்கள். கொரோனா தொற்று அவர்களில் 1.8 சதவீதம், மற்றவர்களில் 2.1. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். சொன்னபடி போட்டதாகச் சொன்னவர்கள் 46 சதவீதம்தான். வீட்டுக்குள் போடும்படி யாருக்கும் சொல்லவும் இல்லை. பங்களாதேஷில் 600 கிராமங்களில் நடந்த ஆய்வில், சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு வந்த கொரோனா சுமார் 11 சதவீதம் குறைந்தது, 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சுமார் 35 சதவீதம். இத்தனைக்கும் அங்கே மாஸ்க் போட்டவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 வரைதான் உயர்ந்தார்கள். நார்வேயில் 4,647 பேரை வைத்து நடத்தி 2024-ல் வெளியான ஆய்வில், 14 நாளில் சளிக்காய்ச்சல் அறிகுறி சொன்னவர்கள் மாஸ்க் தரப்பில் 8.9 சதவீதம், மற்றத் தரப்பில் 12.2. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2023-ல் வந்தபோது "மாஸ்க் வேலை செய்யாது என்று நிரூபணம்" என்று பரப்பினார்கள். அப்படிப் பொருள் கொள்வது தவறு என்று அதன் தலைமை ஆசிரியரே அந்த மார்ச்சில் விளக்கம் கொடுத்தார். இந்த ஆய்வுகள் எல்லாம் அளந்தது மாஸ்க் போடச் சொன்னால் ஊரில் என்ன ஆகிறது என்பதை. உங்கள் கேள்வி வேறு: நோய் இருப்பது உறுதியான ஓர் அறைக்குள், சரியாக ஒட்டிய என்95-ஓடு போனால் என்ன ஆகும் என்பது. அதற்கு வடிகட்டும் அளவும் ஒட்டும் விதமும்தான் விடை சொல்கின்றன, அந்த விடை உங்களுக்குச் சாதகமானது.

எத்தனை நாள் போட வேண்டும்? மருந்துக்குக் கட்டுப்படும் டி.பி.யில், மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்துச் சுமார் இரண்டு வாரத்தில் தொற்றும் வேகம் வெகுவாக இறங்கிவிடும். சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்தில் சேர்க்கப்பட்டவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை என்று காட்டியது. ஒரு வேளை மாத்திரையும் தவறாமல் பார்த்துக்கொள்வது உங்களுக்கும் பிள்ளைக்குமான பாதுகாப்பும்தான். ஆனால் இரண்டு வாரக் கணக்கு, கிருமி டி.பி.யின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் என்று சீபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனையில் வந்திருந்தால் மட்டும். மாமியாரின் சீட்டில் அந்த முடிவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அல்லது 1800-11-6666 என்ற, அரசு டி.பி. திட்டத்தின் நிக்‌ஷய் இலவச எண்ணில் விசாரியுங்கள். கட்டுப்படாத வகை என்று வந்திருந்தால், டாக்டர் போதும் என்று சொல்லும் வரை அறைக்குள் என்95 இல்லாமல் போகாதீர்கள். கட்டுப்படும் வகையானால் முதல் மூன்று வாரம் என்95, அதன் பிறகு இரண்டு மாத முடிவில் எடுக்கும் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வரும் வரை அவர் முகத்தில் நீல மாஸ்க்கும் திறந்த ஜன்னலும் போதும்.